விரலிடம் கேட்டுப் பாருங்கள்: பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சிறப்புக் கல்வியியல் படிப்பை முடித்துவிட்டுப் பள்ளிகளுக்குப் போகக் காத்திருக்கிறீர்கள். சிலருக்குச் சிறப்புப் பள்ளி கிடைக்கும். சிலருக்கு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் சாதாரணப் பள்ளி கிடைக்கும். உங்களில் பார்வை உள்ளவர்களும் உண்டு, பார்வையற்றவர்களும் உண்டு. பிரெய்ல் சொல்லிக்கொடுத்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக ஒரு கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளும் கேட்கிறார்கள்: "செல்போனே எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுதே சார், இன்னும் எதுக்குப் பிள்ளைங்கள புள்ளி தடவ வச்சுக் கஷ்டப்படுத்தணும்?" கேட்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பிள்ளைகள் மேல் உள்ள அன்பால்தான் கேட்கிறார்கள். அந்த அன்பு எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் ஏறத்தாழ இதே பேச்சு, இதே அன்போடு, 200 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்திருக்கிறது. அதற்குப் பதில் சொன்னவர்கள் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். பார்வையற்றோருக்கென்று உலகில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட பள்ளி அது. அதன் கதையைப் பரீட்சைக்காக நாலு வரியில் படித்திருப்பீர்கள். நாலு வரியில் அடங்காத பகுதியைத்தான் சொல்ல வந்தேன்.

பாரிஸில் பார்வையற்றோருக்கான விடுதி ஒன்று 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஒன்பதாம் லூயி அரசன் முந்நூறு பேருக்காகக் கட்டிய கேன்ஸ்-வேன் விடுதி. தங்க இடமும் பிச்சையெடுக்க உரிமையும் அங்கே கிடைத்தன, படிப்பு கிடைக்கவில்லை. படிப்பு கிடைக்கும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. 1771-இல் அந்த நகரத்தில் நடந்த ஒரு சந்தையில், காபிக் கடைக்காரர் ஒருவர் அந்த விடுதியைச் சேர்ந்த பார்வையற்றவர்கள் சிலரை மேடையேற்றினார். தலையில் கூம்புத் தொப்பி, முகத்தில் அட்டையால் செய்த பெரிய மூக்குக்கண்ணாடி, எதிரே இசைக்குறிப்புத் தாள்கள். வாசிக்கத் தெரியாத இசையை அவர்கள் வாசிப்பதுபோல் காட்ட, சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கூட்டத்தில் வாலந்தேன் அயூய் என்ற 25 வயது இளைஞர் இருந்தார். பல மொழி தெரிந்தவர். பழைய கையெழுத்துகளைப் படித்துச் சொல்வதும் மொழிபெயர்ப்பதும் அவருடைய தொழில். பார்த்த காட்சி அவரை அவமானத்தில் குன்றவைத்தது. இவர்களை உண்மையாகவே படிக்க வைப்பேன் என்று அன்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் எழுதினார்.

முடிவெடுத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மாணவன் கிடைத்தான். 1784-இல் ஒரு தேவாலய வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெஸ்யூர். அவன் கொண்டுவரும் காசில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால் பிச்சையில் கிடைக்கும் தொகையைத் தானே தருவதாகச் சொல்லி அவனைப் படிக்க அழைத்தார் அயூய். இதை வாசிக்கும்போதெல்லாம் நம் கிராமங்களில் பள்ளிக்கு வராமலேயே வளர்ந்துவிடும் பார்வையற்ற பிள்ளைகளின் வீடுகள் என் நினைவுக்கு வருகின்றன. வீட்டு நிலையைக் கேட்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க முடியாது என்பது அந்த முதல் நாளிலேயே அயூய்க்குத் தெரிந்திருந்தது.

மரத்தில் செதுக்கிய எழுத்துகளை வைத்துப் பாடம் தொடங்கியது. ஒரு நாள் அயூயின் மேசையில் கிடந்த தாள்களைத் தடவிக்கொண்டிருந்த லெஸ்யூர், அழுத்தி அச்சடித்ததால் மறுபுறம் புடைத்திருந்த ஓர் எழுத்தை விரலால் கண்டுபிடித்துச் சொன்னான் என்று சொல்வார்கள். அதிலிருந்துதான் புடைப்பு அச்சு பிறந்தது. தடித்த தாளை நனைத்து, பெரிய எழுத்துகளை அழுத்திப் புடைக்க வைத்து, பார்வையற்றோர் படிக்கப் புத்தகம் செய்தார் அயூய். 1785-இல் பள்ளி முறையாக இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பார்வையற்றோர் கல்வி பற்றி அவர் எழுதிய நூலைப் பள்ளியின் பிள்ளைகளே அச்சடித்தார்கள். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியின் முன்னால் படித்துக் காட்டினார்கள், கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதன்பின் பிரெஞ்சுப் புரட்சி. 1791-இல் அரசு பள்ளியை ஏற்றது. செவித்திறனற்றோர் பள்ளியோடு ஒரே கட்டடத்தில் சேர்த்தது, பிறகு பிரித்தது. நெப்போலியன் காலத்தில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய் அந்தப் பழைய விடுதியின் முதியவர்களோடு சேர்த்துவிட்டார்கள். பள்ளி நெசவுக்கூடம்போல் ஆனது. 1802-இல் அயூய் பதவியிழந்தார். ரஷ்யப் பேரரசர் அழைக்க பீட்டர்ஸ்பர்க் போனார், அங்கும் ஒரு பள்ளி தொடங்கினார். முதியவராகி 1817-இல் பாரிஸ் திரும்பியபோது, அப்போதைய இயக்குநர் கியியே அவரைப் பள்ளிக்குள் விடவில்லை. தொடங்கியவரையே வாசலில் நிறுத்தினார்கள். அடுத்து வந்த இயக்குநர் பின்யே 1821-இல் அவரை அழைத்துக் கச்சேரி வைத்துப் பெருமைப்படுத்தினார். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் 12 வயது லூயி பிரெய்ல். அயூய் அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

அயூய்க்கு நாம் பட்ட கடன் பெரிது. அதைச் சொல்லிவிட்டே அவருடைய முறையின் குறையையும் சொல்ல வேண்டும். புடைப்பு எழுத்து கண்ணுக்காகச் செய்த எழுத்து. கண் ஓர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் ஒரே பார்வையில் பிடித்துவிடும். விரல் அப்படிப் பிடிக்காது. வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும், சுற்றி முடிப்பதற்குள் முன் எழுத்து மறந்துபோகும். எழுத்தைப் பெரிதாக்கினால் புத்தகம் தூக்க முடியாத கனமாகும். இதைவிடப் பெரிய குறை, பிள்ளைகள் இந்த எழுத்தைப் படிக்கலாமே தவிர, எழுத முடியாது. பென்சிலால் எழுதப் பழக்கினாலும், தான் எழுதியதைத் தானே திரும்பப் படிக்க வழியில்லை. ஆனாலும் நல்லவர்கள் பலர் அந்த முறையைப் பல காலம் விடவில்லை. அந்த எழுத்தை அவர்களால் பார்த்துப் படிக்க முடிந்தது. வருகிற விருந்தினருக்குக் காட்ட முடிந்தது. பார்வையுள்ளவர்களின் எழுத்தும் பார்வையற்றவர்களின் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய கொள்கை கேட்க அழகாகவும் இருந்தது. விரல் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

லூயி பிரெய்ல் 1809 ஜனவரி 4 அன்று பாரிஸுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தான். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது கூரிய கருவி குத்தி ஒரு கண் போனது, அதன் புண் பரவி மற்றக் கண்ணும் போனது. ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படித்தான். 1819 பிப்ரவரியில், பத்து வயதில், பாரிஸ் பள்ளிக்கு வந்து சேர்ந்தான்.

பள்ளி அப்போது இருந்த கட்டடம், புரட்சியின்போது பாதிரியார்கள் கொல்லப்பட்ட ஒரு பழைய குருமடம். ஈரம் கசியும் சுவர்கள், குறுகிய படிக்கட்டுகள், காற்றோட்டமில்லாத அறைகள். 1838-இல் கவிஞரும் அரசியல்வாதியுமான லமார்த்தின் சட்டமன்றத்தில் எழுந்து அந்தக் கட்டடத்தின் நிலையை எடுத்துச் சொன்ன பிறகுதான் புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். அதற்குள் எத்தனையோ பிள்ளைகளுக்கு நெஞ்சுநோய் வந்திருந்தது. பிரெய்லைக் கொன்றதும் காசநோய்தான். பிள்ளைகள் தூங்கும் அறையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் பிரெய்ல் ஆசிரியரின் வேலையில் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1821-இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி ஒரு புதிய எழுத்து முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். போர்க்களத்தில் இருட்டில் படிக்கச் சிப்பாய்களுக்காகச் செய்த முறை என்று பாடநூல்களில் வாசித்திருப்பீர்கள். அந்தக் கதை அவ்வளவு எளிதானதல்ல. பள்ளிப் படிப்புக்கு வாய்ப்பில்லாதவர்கள், பார்வையற்றவர்கள், செவித்திறனற்றவர்கள் ஆகியோருக்கு எளிய எழுத்து ஒன்று வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. அவர் கொண்டுவந்ததில் இரண்டு பெரிய விஷயங்கள் இருந்தன. ஒன்று, கோட்டுக்குப் பதில் புள்ளி. இரண்டு, அந்தப் புள்ளியைக் குத்துவதற்கான பள்ளமிட்ட பலகையும் எழுத்தாணியும். இன்று நீங்கள் பையில் வைத்திருக்கும் சிலேட்டுக்கும் ஸ்டைலஸுக்கும் பாட்டன் பார்பியே கொண்டுவந்த கருவிதான். பார்வையற்ற பிள்ளைகள் முதன்முறையாகத் தாங்களே எழுதி, எழுதியதைத் தாங்களே தடவிப் படித்தார்கள். அந்த மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பார்பியேயின் முறை ஒலிமுறை. பிரெஞ்சு மொழியின் 36 ஒலிகளை ஆறுக்கு ஆறு கட்டங்களில் அடுக்கி, ஒவ்வோர் ஒலியையும் அது இருக்கும் வரிசையின் எண்ணாலும் கட்டத்தின் எண்ணாலும் குறித்தார். இரண்டு நிரைகள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள் வரை. ஆக ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் கூட வரலாம். விரல் நுனிக்குள் அது அடங்காது, மேலும் கீழும் விரலை நகர்த்தித்தான் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த முறையில் எழுத்துக்கூட்டல் இல்லை. காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுத வேண்டும். காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, எண் இல்லை, இசைக்குறிப்பு இல்லை. பார்வையற்ற ஏழைப் பிள்ளைக்கு ஒலி போதும், செய்தி புரிந்தால் போதும் என்பது அதன் உள்ளர்த்தம்.

அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கு அது போதவில்லை. மற்றவர்கள் எழுதுவதுபோலவே எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும், இலக்கணம் வேண்டும், கணக்கு வேண்டும், சங்கீதம் வேண்டும். 12 வயதில் அந்தப் பலகையைத் தொட்ட லூயி, பகல் வகுப்பு முடிந்த இரவுகளிலும் ஊருக்குப் போன விடுமுறைகளிலும் உட்கார்ந்து குத்திக் குத்திப் பார்த்தான். 1824-இல், 15 வயதில், பன்னிரண்டை ஆறாக்கியிருந்தான். இரண்டு நிரை, நிரைக்கு மூன்று புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இன்றைய அளவில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரல் நுனியை வைத்த இடத்திலேயே முழு எழுத்தும் தெரிந்துவிடும். ஆறு புள்ளியில் 63 வடிவங்கள். முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நாலு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு கீழே இடப்பக்கம் ஒரு புள்ளி சேரும். ஒரு பத்தைக் கற்றுக்கொண்டால் மற்றது தானே வரும். ஓர் ஆசிரியரின் மூளை அதில் வேலை செய்திருப்பது எனக்குத் தெரிகிறது, அதைச் செய்தது மாணவனாக இருந்தாலும்.

1829-இல் தன் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 20 வயது, பள்ளியில் துணை ஆசிரியர். சொற்களை மட்டுமல்ல, இசையையும் தேவாலயப் பாட்டையும் எழுதும் முறை அதில் இருந்தது. முன்னுரையில் பார்பியேக்கு நன்றி சொன்னார். அந்த நூலே அயூய் முறைப் புடைப்பு எழுத்தில்தான் அச்சானது. புள்ளியில் அடித்தால் பள்ளியை நடத்துகிறவர்களால் படிக்க முடியாதே. 1833-இல் பிரெய்லும் அவருடைய பார்வையற்ற நண்பர்கள் கோத்தியேயும் கொல்தாவும் முழு ஆசிரியர்கள் ஆனார்கள். 1837-இல் பிரான்ஸ் வரலாற்றுச் சுருக்கம் ஒன்று புள்ளி எழுத்தில் முதல் புத்தகமாக வந்தது.

பின்யே இந்தப் புள்ளிக்கு இடம் கொடுத்தவர். 1840-இல் துணை இயக்குநர் துஃபோ அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுத் தாம் இயக்குநர் ஆனார். துஃபோ சோம்பேறியோ கொடியவரோ அல்லர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடக்கும் புதுமைகளைத் தெரிந்துவைத்திருந்த, சீர்திருத்த ஆர்வமுள்ள மனிதர். அங்கே புதுவிதப் புடைப்பு எழுத்து வந்திருக்கிறது, அதையே நாமும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் சமூகத்திலிருந்து பிரிந்துபோவார்கள் என்பது அக்கால அறிஞர்கள் பலரின் வாதம். பழைய புத்தகங்களை எரித்தார் என்றும், சிலேட்டையும் எழுத்தாணியையும் பிடுங்கினார் என்றும், புள்ளி எழுதிப் பிடிபட்ட பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது என்றும் பிரெய்லின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிள்ளைகள் பின்னல் ஊசியாலும் ஆணியாலும் ஒளிந்து எழுதினார்கள். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்கு இரவில் சொல்லிக்கொடுத்தார்கள். நாட்குறிப்பு எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் சொல்லாத பாடத்தைப் பிள்ளைகள் தாங்களே நடத்தினார்கள்.

இதைக் கவனித்தவர் துஃபோவின் உதவியாளரான ஜோசப் குவாதே. தடைபோட்டும் நிற்காத ஓர் எழுத்தில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. துஃபோவிடம் எடுத்துச் சொன்னார். 1844 பிப்ரவரி 22 அன்று ஆன்வலீத் சாலையில் புதுக் கட்டடத் திறப்பு விழா நடந்தபோது, குவாதே எழுந்து பிரெய்ல் முறையைப் பற்றிப் பேசினார். ஒரு பிள்ளை சொல்லக் கேட்டுப் புள்ளியில் எழுத, அப்போது அறையில் இல்லாத இன்னொரு பிள்ளையை அழைத்து அதைப் படிக்கச் சொன்னார்கள். துஃபோ பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டார், தம் நூலின் அடுத்த பதிப்பில் பிரெய்ல் முறையை ஏற்று எழுதினார். அவருக்கு அந்த மரியாதையை நான் தருகிறேன். எத்தனை அதிகாரிகள் தாம் போட்ட உத்தரவைத் தாமே திருத்தியிருக்கிறார்கள்?

பிரெய்ல் 1852 ஜனவரி 6 அன்று, 43 வயது முடிந்து இரண்டு நாள் கழித்து, பள்ளியின் நோய் அறையிலேயே இறந்தார். திறக்காமல் எரித்துவிடுங்கள் என்று ஒரு பெட்டியை விட்டுச் சென்றிருந்தார். நண்பர்கள் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை, அவரிடம் கடன் வாங்கிய மாணவர்களின் கடன் சீட்டுகள். கொல்தா எழுதிவைத்த செய்தி இது. பிரெய்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்டுபிடிப்பாளரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த வாத்தியாரைத்தான் அதிகம் பிடிக்கும். பார்வையுள்ள வீட்டாருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டுமே என்று, புள்ளிகளாலேயே சாதாரண எழுத்து வடிவத்தை வரையும் முறை ஒன்றையும் 1839-இல் செய்து கொடுத்தார் அவர். அதை விரைவாக எழுத ஃபூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் ஓர் இயந்திரம் செய்தார்.

பிரெய்ல் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பின் பிரெஞ்சு அரசு அவர் எழுத்தை ஏற்றது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதையே பரிந்துரைத்தது. அதனால் சண்டை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பள்ளியின் புடைப்பு எழுத்து ஒன்று, நியூயார்க் பள்ளியின் புள்ளிமுறை ஒன்று, அமெரிக்கப் பிரெய்ல் ஒன்று என்று பல காலம் போட்டியிட்டன. ஒரே புத்தகத்தை மூன்று நான்கு எழுத்தில் அச்சடித்துப் பணத்தை வீணாக்கினார்கள். ஹெலன் கெல்லரே பல முறைகளைக் கற்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் பொதுவான பிரெய்ல் 1932-இல்தான் உறுதியானது. பெரியவர்கள் தம் கௌரவத்துக்காக மோதும்போது படிப்பை இழப்பது பிள்ளைகள்தாம்.

அந்தப் பாரிஸ் பள்ளி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதே ஆன்வலீத் சாலையில் இன்றும் நடக்கிறது. குளோத் மொந்தால் என்ற மாணவர் அங்கே பியானோவைப் பிரித்துச் சேர்த்துச் சுருதி சேர்க்கத் தாமே பழகி, பிறகு பாரிஸில் தொழில் தொடங்கி, 1836-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். உலகெங்கும் பார்வையற்றோர் பியானோ சுருதி சேர்க்கும் தொழிலுக்கு வந்தது அந்த வழியில்தான். நோத்ர்தாம் பேராலயத்தில் 1900 முதல் 1937 வரை ஆர்கன் வாசித்த லூயி வியேர்ன் அந்தப் பள்ளியில் படித்தவர். ஆந்த்ரே மார்ஷால், ஜான் லாங்லே, கஸ்தோன் லித்தேஸ் என்று அங்கிருந்து வந்த ஆர்கன் கலைஞர்களின் வரிசை நீளமானது. அத்தனை பேரும் இசையைப் புள்ளியில் படித்து மனப்பாடம் செய்தவர்கள். காதுகூர்மை இருந்தால் போதும் என்று அந்தப் பள்ளி அவர்களை விட்டுவிடவில்லை. கையில் இசைத்தாளைக் கொடுத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் தொடங்கியது இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி தொடங்கினார். ஒவ்வொரு மொழிக்கும், சில இடங்களில் ஒரே மொழிக்கே, வெவ்வேறு புள்ளிமுறைகள் இருந்தன. விடுதலைக்குப் பின் இந்திய அரசு யுனெஸ்கோவிடம் இதைத் தீர்த்துவைக்கக் கேட்டது. போரில் பார்வையிழந்த நியூஸிலாந்துக்காரர் கிளூத்தா மெக்கன்சி அந்த வேலையை நடத்தினார். 1950-இல் பாரிஸிலும் 1951-இல் பெய்ரூட்டிலும் கூடிப் பேசினார்கள். அதன் பலன் பாரதி பிரெய்ல். அ என்றால் புள்ளி ஒன்று. க என்றால் ஒன்றும் மூன்றும். ம என்றால் ஒன்று, மூன்று, நான்கு. பாரிஸ் பையன் தன் மொழியின் ஏ, கே, எம் எழுத்துகளுக்கு வைத்த அதே புள்ளிகளில் நம் பிள்ளைகள் அ, க, ம எழுதுகிறார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். செல்போன் வாசித்துக் காட்டுவது நல்ல விஷயம். நான் அதற்கு எதிரியல்ல. நாளிதழ், வங்கிக் குறுஞ்செய்தி, நாவல் எல்லாவற்றையும் கேட்க முடிகிறதென்றால் அது பெரிய விடுதலை. கல்லூரி மாணவர்களால் ஒலிநூல் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆனால் எழுதப் படிக்கத் தொடங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒலியை மட்டும் கொடுத்தால், பார்பியே கொடுத்ததையே திரும்பக் கொடுக்கிறோம். மனம் என்பதிலும் மணம் என்பதிலும் எந்த எழுத்து என்று செல்போன் குரல் தெளிவாகச் சொல்லுமா? நன்றி என்ற சொல்லில் முதலில் வருவது ஒரு நகரம், நடுவில் வருவது வேறு னகரம். காதுக்கு இரண்டும் ஒன்று. விரலுக்கு முதலாவது ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து. அடுத்தது ஐந்தும் ஆறும் மட்டும். ரகரம் வேறு, றகரம் வேறு. லகர ளகர ழகரம் மூன்றும் மூன்று வடிவம். பத்தி எங்கே முடிகிறது, ஒற்று எங்கே மிகுகிறது, மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைகள், ஒரு விடுப்பு விண்ணப்பத்தைத் தாமே தட்டச்சு செய்யும்போது எழுத்துக்கு எழுத்து தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். அறிவுக் குறைவு துளியும் இல்லை. எழுத்தை யாரும் அந்த விரலுக்குக் காட்டவில்லை.

பார்வையுள்ள பிள்ளைக்கும் இன்று ஒலிநூல் இருக்கிறது, காணொளி இருக்கிறது. அதனால் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ வேண்டாம் என்று யாராவது சொல்கிறோமா? ஒரு பிள்ளையின் உரிமையை இன்னொரு பிள்ளைக்குச் சலுகையாகப் பேசுவது நியாயமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை உரிமையாகவே பார்க்கிறது. பிரெய்லில் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்து, பயிற்றுவித்து அமர்த்த வேண்டும் என்று சொல்கிறது. பார்வையற்ற தம்பி தங்கைகளே, வேலைக்குப் போகுமிடத்தில் உங்களுக்குப் பாட்டு வகுப்பையோ பிரார்த்தனைக் கூட்டத்தையோ மட்டும் ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரெய்ல் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். விரலால் படிக்கிற ஆசிரியர் ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை நம்பிக்கையோடு படிக்கும். பிரெய்லும் கொல்தாவும் கோத்தியேயும் ஆசிரியர்களாக இல்லாதிருந்தால் அந்தப் பள்ளியில் புள்ளி பிழைத்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

பார்வையுள்ள தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். நம்மில் பெரும்பாலோர் பிரெய்லைக் கண்ணால்தான் படிக்கிறோம். புள்ளியின் நிழலைப் பார்த்தே வாசித்துவிடுகிறோம். அதனால் பிள்ளையின் விரல் என்ன பாடுபடுகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. தாளைத் துணியால் மூடி, அதன் கீழே விரலை விட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். அழுத்தினால் புள்ளி தெளியாது, மங்கும் என்று அப்போது புரியும். வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்தின் மேல் விரலை மேலும் கீழும் தேய்த்தால், ஒரே கையால் படித்தால், ஒவ்வோர் எழுத்திலும் நின்று நின்று போனால், அதைக் கவனியுங்கள். இரண்டு கையும் வேலை செய்யட்டும்: வலக்கை வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கட்டும். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிப்பது தொடக்கத்தில் குழப்பும். குழப்பத்தைக் கண்டு மந்தமான பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள். பிரெய்லர் இயந்திரம் இருந்தால் முதல் ஆண்டில் அதைக் கொடுங்கள், பிறகு சிலேட்டுக்கு வாருங்கள்.

பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே நூலக அலமாரியைப் பாருங்கள். பிரெய்ல் புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கியிருந்தால் எடுத்து நிறுத்தி வையுங்கள், கனத்தில் புள்ளி நசுங்கிவிடும். நசுங்கிய புத்தகங்களைத் தனியாக எடுத்து, மாற்றுப் பிரதிக்கு எழுதிப் போடுங்கள். கனத்த தாள் எத்தனை ரீம் இருக்கிறது, எழுத்தாணி முனை மழுங்காதவை எத்தனை, இந்த ஆண்டுப் பாடநூல் பிரெய்லில் வந்துவிட்டதா, எந்தப் பாடம் வரவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிள்ளைகளைக் கேட்டே போடுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் அந்தப் பட்டியலின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். மேலதிகாரிகளிடம் போய்க் கேட்பதில் எனக்குப் பழக்கம் உண்டு, உங்களுக்காகவும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த பிரெய்ல் ஆசிரியன்